இறக்கத்தில் நிறுத்திய ஜீப்

அதிகாலை நான்கு மணிக்குச் சூரியநெல்லியில் கொழுக்குமலைக்குப் புறப்படும் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கும் மேலே. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் போய், சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். பாறையும் பள்ளமுமான அந்தத் தடத்தில் ஜீப்பைத் தவிர வேறு வண்டிக்கு வேலை இல்லை. சூரியன் எழுவதற்குள் உச்சியில் இருக்க வேண்டும் என்பதால், இரவின் குளிர் முழுக்க எஞ்சினுக்குள் இறங்கியிருக்கும் நேரத்தில் அவற்றைக் கிளப்பியாக வேண்டும்.

மலையூர்களில் ஜீப் நிறுத்தும் விதத்தைக் கவனித்திருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். முடிந்தவரை மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடிதான் நிறுத்துவார்கள். முன்சக்கரத்துக்கு ஒரு கல். காலையில் செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு, இரண்டாவது கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி உருள விடுவார்கள். வேகம் கொஞ்சம் கூடியதும் கிளட்சை விட்டால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, வெள்ளைப்புகை கக்கி, ஸ்டார்ட் ஆகிவிடும். அனுபவசாலிகளின் கைப்பழக்கம் இது. பலருடைய பிழைப்பைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பழக்கம் ஜீப்பின் நோயை மூடி மறைக்கிறது என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

இதில் பாதிக்கப்படுவது சுற்றுலாப் பயணிகள் மட்டும் என்றால் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடிவதற்கு முன்பே ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் இதே ஜீப்புகளை நம்பித்தான் இருக்கிறார்கள். போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஒரு வண்டி மக்கர் செய்தால் அதில் ஏறியிருக்கும் அத்தனை பேரின் அன்றைய கூலிக்கும் ஆபத்து. தொலைவில் இருக்கும் மலைக் கிராமங்களில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் முதலில் கூப்பிடப்படுவதும் ஜீப்தான். அங்கே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்க முடியாது.

இறக்கத்தில் நிறுத்துவது எதை மறைக்கிறது? முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: பேட்டரி, செல்ஃப், வயர் ஆகியவற்றில் இருக்கும் பலவீனம். இரண்டாவது பலருக்குத் தோன்றாதது. ஜீப்பின் டீசல் டேங்க் பெரும்பாலும் எஞ்சினுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும். இரண்டரை மீட்டர் இடைவெளியில் 10 டிகிரி சரிவு என்றால் மூக்குப் பக்கம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அந்த அளவுக்கு டேங்க் உயரும். டீசல் குழாயில் எங்கோ ஒரு வாஷர் தேய்ந்து காற்று புகுந்துகொண்டிருந்தால், சமதளத்தில் நிறுத்திய வண்டியில் இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்துவிடும். காலையில் பம்ப் வெறும் காற்றை இழுக்கும். மூக்கு இறங்கி நிற்கும் வண்டியில் டீசல் வடிவது குறைகிறது. அதனால் கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரியாமலே இருக்கும். என்றைக்காவது சமதளத்திலோ மேட்டைப் பார்த்தோ நிறுத்த நேர்கிற நாளில், யாருமில்லாத காட்டு வளைவில், அது தலைகாட்டும்.

ஆபத்தும் இருக்கிறது. டீசல் வண்டியின் பிரேக்குக்கு உதவும் வெற்றிடத்தை உண்டாக்குவது எஞ்சின் ஓட்டத்தில் இயங்கும் பம்ப். எஞ்சின் ஓடாமல் உருளும் வண்டியில் ஓரிரு முறை மிதித்ததும் பெடல் கல் போல இறுகிவிடும். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு, பனிமூட்டத்தில், வளைவை நோக்கி அப்படி உருட்டுவது எந்தக் கைப்பழக்கத்தையும் நம்பிச் செய்யக்கூடிய காரியமில்லை.

பிறகு ஏன் யாரும் சரிசெய்வதில்லை? சோம்பல் என்று சொல்வது அநியாயம். சரிசெய்யப் போனவர்களின் கதை எப்படிப் போகும் என்று பாருங்கள். ஷெட்டுக்குப் போனால் முதலில் பேட்டரி மாறும். புது பேட்டரியின் தெம்பில் இரண்டு வாரம் ஓடும். மறுபடி அதே கதை. செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் மாற்றுவார்கள். கொஞ்ச நாள் பரவாயில்லை. கடைசியில் பம்ப்பும் நாசிலும் கழன்று, மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போய், பல ஆயிரம் ரூபாய் பில்லோடு திரும்பி வரும். இத்தனைக்கும் பிறகு, ஃபில்டர் தலையில் இருந்த ஒரு செம்பு வாஷர்தான் குற்றவாளி என்று தெரியவந்தால் வண்டிக்காரர் அடுத்த முறை ஷெட் பக்கம் போவாரா? ஒரு கல்லைத் தேடிக்கொண்டு இறக்கத்துக்குப் போவார்.

மெக்கானிக்கைக் குறை சொல்வதும் சரியில்லை. அவருக்குக் கிடைக்கும் கூலி கழற்றி மாட்டுவதற்கு. ஸ்பேரில் கொஞ்சம் கமிஷன். இரண்டு மணி நேரம் குனிந்து, ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்து, கடைசியில் பத்து ரூபாய் வாஷரை மாற்றிக் கொடுத்தால், "பத்து ரூபா வாஷருக்கு ஐந்நூறா?" என்ற கேள்விதான் வரும். கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு நம் ஊரில் விலை இல்லை. டாக்டர் சீட்டு எழுதுவதற்குப் பணம் கொடுக்கிறோம்; மருந்துக் கடைக்காரர் நாலு மாத்திரை கொடுத்தால் போதும் என்று யாரும் சொல்வதில்லை. எஞ்சின் விஷயத்தில் மட்டும் எல்லாருமே மாத்திரைக் கடைக்குப் போகிறோம்.

அந்த வேலையின் நுட்பம் என்ன என்று தெரிந்தால்தான் அதற்கு ஏன் கூலி தர வேண்டும் என்பது புரியும். நல்ல மெக்கானிக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் காதைக் கொடுப்பார். செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் எப்படிச் சுற்றுகிறது? இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கமே போக வேண்டியதில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியால் பற்றவைக்கும் பிளக் கிடையாது. காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால், அழுத்தத்தில் பிறந்த சூடு சிலிண்டர் சுவருக்குள்ளேயே போய்விடும். காற்றும் ரிங்குகளின் இடுக்கில் கசிந்துவிடும். கோளாறு மின்சாரத்தில் இருக்க, பழி எஞ்சின் மேல் விழும்.

மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம் பேட்டரிதான் என்று முடிவு கட்டுவதும் அவசரம். டீசல் எஞ்சினைச் சுற்றும்போது செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். டெர்மினலில் பூத்த உப்போ, துருப்பிடித்த எர்த் பட்டையோ ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டாக்கினாலே, 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதே தடை வழியாக ஒரு ஹெட்லைட்டுக்குப் போவது சுமார் 5 ஆம்பியர். அதில் போவது வெறும் 0.05 வோல்ட். "லைட்டு பளிச்சுன்னு எரியுது, பேட்டரி, வயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற பேச்சு எப்படி ஏமாற்றும் என்பது இந்தக் கணக்கில் இருக்கிறது.

சேற்றிலும் ஓடையிலும் இறங்கி ஏறும் வண்டிக்கு எர்த் பட்டை தீராத தலைவலி. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் சேஸிஸுக்கும் நடுவில் மின்சாரம் போக அந்தப் பின்னிய பட்டைதான் வழி. அது அறுந்துபோனால் மின்சாரம் சும்மா இருக்காது. ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று கிடைத்த உலோகத்தில் எல்லாம் பாயும். செல்ஃப் அடித்ததும் கேபிள் சுடுகிறது என்றால் எர்த் போயிற்று என்று அர்த்தம். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை எஞ்சின் உடம்பிலும் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால் விஷயம் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும். அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையை மாற்ற வேண்டும். பேட்டரியில் நேராக வைத்துப் பார்க்கும்போது சும்மா இருக்கையில் 12.6 வோல்ட்டும், செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் குறையாமலும் காட்டினால் பேட்டரி மேல் சந்தேகப்பட வேண்டாம். குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சமவெளியில் தரும் தெம்பில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் உறைபனி நேரத்தில் லெட்-ஆசிட் பேட்டரி தரும். போதாததற்கு எண்ணெயும் கெட்டியாகி எஞ்சினைப் பிடித்துக்கொள்ளும். மலை வண்டிக்கு 20W-50 ஊற்றாமல் 15W-40 ஊற்றச் சொல்வது இதனால்தான்.

எஞ்சின் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. இப்போது பார்க்க வேண்டியது சைலன்சரை.

புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தால் பாதிச் செலவு மிச்சம். ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

புகை இல்லாத வண்டியில் முதலில் ஆஃப் செய்யும் கேபிள் முழுக்கத் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீ வைத்து ஆஃப் செய்யும் வண்டியானால் பம்ப்பில் இருக்கும் சொலினாய்டு "டக்" என்று சத்தம் கொடுக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு ஃபில்டர், அதில் தேங்கிய தண்ணீர். எல்லாம் சரியாக இருந்தால் காற்று. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஆகவே தரையில் கறையைத் தேடிப் பயனில்லை. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ளே ஓடுவது தெரியும் ஒரு முழம் பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டால் குமிழிகள் கண்ணெதிரே ஓடும். ஏர் எடுத்துவிட்டு அனுப்புவதோடு பல ஷெட்டுகளில் வேலை முடிந்துவிடுகிறது. அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும். காற்று எங்கே புகுந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

வெள்ளைப்புகை வண்டியில் ஹீட்டர் பிளக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். பெஜோ நிறுவனத்தின் உரிமம் பெற்று மஹிந்திரா தயாரித்த எக்ஸ்டிபி டீசல் எஞ்சின், 2,112 சிசி, பழைய ஜீப்புகள் பலவற்றில் இன்னும் ஓடுகிறது. அதில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போவதில்லை. ஓரத்தில் இருக்கும் சிறு அறையில் பற்றிப் பிறகு பரவும். அந்த அறையின் சுவர் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். அதனால்தான் காலையில் அதைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் கட்டாயம். நாலில் ஒன்றிரண்டு போனாலும் சமவெளியில் தெரியாது, மலையில் தெரியும். ஒவ்வொரு பிளக்கின் வயரையும் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுபோய் வைத்தால், எரிந்தால் பிளக் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் செத்துவிட்டது. ஒரு பிளக்கின் விலை சில நூறு ரூபாய். பம்ப்பைக் கழற்றுவதற்கு முன் இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாத ஷெட்டை மன்னிக்க முடியாது.

ஹீட்டர் நன்றாக இருந்தும் வெள்ளைப்புகை தீரவில்லை என்றால்தான் டேப்பட், டைமிங், நாசில், கம்ப்ரஷன் என்று உள்ளே போக வேண்டும்.

காலையில் உடனே ஸ்டார்ட் ஆகி, மத்தியானம் டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் மக்கர் செய்யும் வண்டிகளும் உண்டு. ரோட்டரி பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால், சூட்டில் நீர்த்த டீசல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, நாசிலைத் திறக்கும் அழுத்தம் கிடைக்காது. ஓட்டுநர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பம்ப் மேல் ஈரத்துணி போடுவது. சூடு இறங்கியதும் ஸ்டார்ட் ஆகும். பலர் இதை வைத்தியம் என்று நினைத்து வருடக்கணக்கில் தண்ணீர் பாட்டிலோடு அலைகிறார்கள். உண்மையில் இது ஆணித்தரமான சோதனை. ஈரத்துணி போட்டதும் பிடிக்கிற வண்டிக்குப் பம்ப் வேலை தேவை. அங்கே செலவு செய்யத் தயங்க வேண்டாம்.

ஏர் ஃபில்டர் வாயில் எரியும் துணியைக் காட்டுவதும், ஈதர் ஸ்பிரே அடிப்பதும் வேறு ரகம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் எஞ்சினுக்குள் ஈதரை அடித்தால், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அது வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைத்துவிடும். இவற்றைத் தந்திரம் என்று இளைய ஓட்டுநர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். விடாமல் அரை நிமிடம் செல்ஃப் அடிப்பதும் அப்படித்தான். பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

பெட்ரோல் வண்டிகளின் கதை சிறிது. ஜிப்ஸி போன்றவற்றில் தீப்பொறி, பெட்ரோல், காற்று என்று மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை ஈர்க்கும் என்பதால், மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் பழைய பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை காதும் கண்ணும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் செய்யக்கூடியவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு விற்பனையாகும் வண்டிகளில் காதும் கண்ணும் மட்டும் போதாது. காமன் ரெயிலில் போதிய அழுத்தம் ஏறியதை சென்சார் சொன்னால்தான் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்கும். கிராங்க் சென்சாரின் வயர் ஒன்றை எலி கடித்துவிட்டால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் ஒரு துளி டீசல் போகாது. பேட்டரி அடியோடு இறங்கிப்போன புது வண்டியை இறக்கத்தில் உருட்டியும் பயனில்லை. கம்ப்யூட்டர் விழித்தால்தானே நாசில் திறக்கும்? கல் வைத்து நிறுத்தும் தந்திரத்தின் காலம் இங்கே முடிந்துவிடுகிறது. கோளாறை அறிய ஸ்கேனர் வேண்டும். பொதுவான ஸ்கேனர் சில குறியீடுகளைக் காட்டும். உள்ளே ஆழமாகப் போக நிறுவனத்தின் சொந்தக் கருவியும் அனுமதியும் தேவைப்படுகிறது. மலையடிவாரத்து ஷெட்டுக்கு அவை கிடைப்பதில்லை. ஒரு வயரைக் கண்டுபிடிக்க, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு மலையிறங்க வேண்டியிருக்கிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார் பழுதுபார்க்கும் தகவலை வெளி ஷெட்டுகளுக்கும் தரவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. விவசாயக் கருவிகளுக்கு அதே உரிமையைக் கொலராடோ 2023-ல் சட்டமாக்கியது. டிராக்டர்கள் தயாரிக்கும் ஜான் டியர் நிறுவனத்தின் மீது, டிராக்டர், அறுவடை இயந்திரங்களின் பழுதுபார்க்கும் மென்பொருளைக் கட்டுப்படுத்துவதாகக் குற்றம் சாட்டி, 2025 ஜனவரியில் அந்நாட்டின் வணிக ஆணையமே வழக்குப் போட்டது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளில் பழுதுபார்க்கும் உரிமையைப் பேச ஆரம்பித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. தளத்தில் வாடிக்கையாளர் சேவை எண்ணைப் போட்டுவிட்டால் கடமை முடிந்துவிடாது. வயரிங் படமும், கோளாறுக் குறியீட்டின் பொருளும், ஸ்கேனர் அனுமதியும் நியாயமான விலையில் எந்த ஷெட்டுக்கும் கிடைக்கும்படி அந்த உரிமையைச் சட்டமாக்க வேண்டும். மோட்டார் வாகனத்தை அந்தப் பட்டியலில் சேர்த்ததன் பயன் அப்போதுதான் போடிக்கும் கம்பத்துக்கும் வந்து சேரும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலைகளும் இருக்கின்றன. பில்லில் "சோதனைக் கூலி" என்று தனியாக ஒரு வரி எழுதும் வழக்கத்தை ஷெட்டுகள் கொண்டுவர வேண்டும். வண்டிக்காரர்கள் அதை முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். மாற்றிய பழைய ஸ்பேரையும், அது கெட்டுப்போனது என்று எந்தச் சோதனை காட்டியது என்பதையும் கேட்டு வாங்கும் உரிமை அந்தக் கூலியோடு சேர்ந்து வரும். ஒரு வண்டிக்காரரால் நல்ல ஸ்கேனர் வாங்க முடியாது. ஒரு ஸ்டாண்டில் நிற்கும் முப்பது பேர் சேர்ந்தால் முடியும். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிப்பு ஓர் ஆண்டு. எஞ்சினைப் பிரித்துக் கோப்பதில் காட்டும் அக்கறையை, பிரிக்காமல் கோளாறைக் கண்டுபிடிப்பதிலும் அங்கே காட்டலாம். வேண்டுமென்றே ஒரு எர்த் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு வாஷரைத் தளர்த்திவிட்டு, "இது ஏன் ஸ்டார்ட் ஆகலை?" என்று மாணவர்களிடம் கேட்கும் தேர்வு ஒன்று இருந்தால் ஷெட்டுகளின் முகமே மாறிவிடும்.

ஓட்டுநர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று. மறுநாள் சவாரி இல்லாத ஓர் இரவில், கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜீப்பின் மூக்கை மேட்டைப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது சைலன்சருக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். எஞ்சின் எப்படிச் சுற்றியது, புகை வந்ததா, வந்தால் என்ன நிறம், எத்தனை விநாடியில் பிடித்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஷெட்டுக்குப் போகட்டும். அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிற மெக்கானிக்கிடம் வண்டியை விடலாம்.